ரம்பத்தோடு பாதுகாப்பையும் சேர்த்து விற்க வேண்டும்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ரம்பத்துக்கு வேலை ஓய்வதில்லை. பழைய வீட்டைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் நிலையையும் உத்திரத்தையும் அறுத்தாக வேண்டும். புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டங்களில் காய்ந்த கிளைகளைக் கவாத்து செய்ய வேண்டும். தரிசிலும் கண்மாய்க் கரையிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை வெட்ட வேண்டும். துருப்பிடித்த இரும்புக் குழாயைப் பிளம்பர் அறுத்தெடுக்க வேண்டும். கைரம்பம், அரிவாள், கோடாரி, ஹேக்சா என்று வேலைக்கொரு கருவியாக இருந்த நிலை மாறி, பேட்டரியில் ஓடும் ஒரே ரம்பம் இப்போது எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறது. கடையில் அதன் பெயர் ‘ரெசிப்ரோகேட்டிங் சா’. வேலை செய்கிறவர்களுக்கு அது பேட்டரி ரம்பம். வயர் இழுக்க வேண்டாம், பிளக் தேட வேண்டாம், ஜெனரேட்டர் சுமக்க வேண்டாம். தோள்பட்டை நோக அரை நாள் அறுத்த மரத்தைச் சில நிமிடங்களில் அறுத்துப் போட்டுவிடலாம். உழைப்பவரின் உடம்புக்கு ஓய்வு தரும் எந்தக் கருவியையும் வரவேற்க வேண்டும். இந்த ரம்பத்தையும் அப்படியே வரவேற்கிறேன்.

ஆனால், கருவி வந்து சேர்ந்த வேகத்தில் அதைக் கையாளும் அறிவு வந்து சேரவில்லை. கைரம்பம் பிடிக்கப் பழகுகிற பையனை ஆசாரி பக்கத்தில் நிறுத்தி, நாள்கணக்கில் திருத்தித் திருத்திச் சொல்லிக்கொடுப்பார். பேட்டரி ரம்பத்துக்கு அப்படி ஒரு வழக்கம் உருவாகவே இல்லை. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. மலிவான பெட்டிகளுக்குள் ஆங்கிலத்திலோ சீன மொழியிலோ பொடி எழுத்தில் அச்சிட்ட ஒரு தாள் கிடக்கும். கண்ணாடி இருக்காது, கையுறை இருக்காது. அடிபட்டால் மட்டும் ‘கவனமில்லாமல் பிடித்தான்’ என்று பழி தொழிலாளி தலையில் விழுகிறது. இந்தக் கருவியின் ஆபத்துகளில் பெரும்பாலானவை கவனத்தால் மட்டும் தவிர்க்கக்கூடியவை அல்ல. சொல்லித் தந்தால்தான் தெரியக்கூடியவை. ஆகவே, சொல்லித் தருவதும் பாதுகாப்புச் சாமான் தருவதும் விற்பவர், வேலை கொடுப்பவர், அரசு ஆகிய மூவரின் கடமை. அவற்றுக்கான செலவும் ரம்பத்தின் விலைக்குள்ளேயே அடங்க வேண்டும்.

ரம்பத்தின் இயக்கத்தை விசைத்தறி ஊரான சங்கரன்கோவிலில் விளக்குவது எளிது. தறியில் நாடா இடமும் வலமும் ஓடுவதுபோல, ரம்பத்தின் பிளேடு முன்னும் பின்னும் ஓடுகிறது. பெரிய ரகங்களில் ஒவ்வோர் ஓட்டமும் சுமார் 3 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 3,000 தடவை வரை. அமெரிக்காவின் மில்வாக்கி நிறுவனம் 1951-இல் ‘சாசால்’ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தபோது அது வயர் இழுத்து ஓட்டும் கருவி. சோனி நிறுவனம் 1991-இல் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பேட்டரி, பின்னாளில் மின்கருவிகளுக்குள்ளும் புகுந்து அந்த வயரை அறுத்துவிட்டது. பிளேடு ஓடும் வாய்க்கருகே, அறுக்கும் பொருளின் மேல் வைத்து அழுத்துவதற்காக ஒரு தகடு இருக்கும், ‘ஷூ’ என்பார்கள். இந்தக் கருவியின் பாதுகாப்பு பெரும்பாலும் இந்தத் தகட்டில்தான் இருக்கிறது. தகடு மரத்தோடு ஒட்டி நின்றால் ரம்பம் அசையாது, பிளேடு மட்டும் ஓடும். தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே விரற்கடை இடைவெளி விழுந்தாலும் போதும். பிளேடு மரத்தைக் கவ்விக்கொள்ள, ரம்பம் முழுவதும் பிடித்தவர் கையில் உதறத் தொடங்கும். ஒரு கையால் பிடித்திருந்தால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். பிளேடு நழுவித் தொடைக்கோ மறுகைக்கோ வந்துவிடும். இரண்டு கைகளாலும் பிடி, தகட்டை அழுத்தி வை, அதன் பிறகு சுவிட்சை அழுத்து: இந்த மூன்றையும் இதே வரிசையில் ஒருமுறை செய்து காட்டினால் யாருக்கும் மறக்காது. எவ்வளவு கவனமான ஆளாலும் இதைத் தானாக ஊகித்துவிட முடியாது.

பிளேடு தேர்விலும் இதே கதைதான். மரத்துக்கு ஓர் அங்குலத்தில் ஐந்தாறு பல் உள்ள பிளேடு போதும். ஆணி அடித்த பழைய மரத்துக்குப் பத்தை ஒட்டி வேண்டும். இரும்புக் குழாய்க்கு 14 முதல் 24 வரை. அறுபடும் பொருளின் கனத்துக்குள் எப்போதும் மூன்று பல்லாவது பதிந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. மெல்லிய தகரத்தில் பெரிய பல் பிளேடைப் போட்டால் பல் மாட்டி உடையும். உடைந்த துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிளேடு பின்னால் இழுபடும் நேரத்திலும் அதன் நுனி மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்கு நீளம் வேண்டும். குட்டையாக இருந்தால் நுனி மரத்துக்குள்ளேயே முட்டி வளையும், ரம்பம் பின்னால் எற்றும். பிளேடு மாற்றுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். சுவிட்ச் லாக்கை மட்டும் நம்பிக் கையை வைப்பது விரலைப் பணயம் வைப்பதாகும். இரும்பு அறுத்த பிளேடு கொதிக்கும். உடனே வெறுங்கையால் தொட்டால் தோல் பொசுங்கிவிடும்.

வயர் இல்லாத ரம்பம் ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ரம்பத்துக்குத்தான் வயர் இல்லை. சுவருக்குள் 230 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. பிளேடும் அதைப் பற்றியிருக்கும் முன்பாகமும் உலோகம். சுவரிலோ மரத்தடுப்பிலோ மறைந்து போகும் வயரில் பிளேடு பட்டால் மின்சாரம் பிடித்த கைக்கே வரலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று தொடங்குகிறவர்களும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை அணைத்த அடுத்த நொடியே பேட்டரி மின்சாரம் அதே வயர்களில் ஓடத் தொடங்கிவிடும். அதையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே சுவரில் பிளேடை வைக்க வேண்டும். பழைய கொட்டகைகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை இந்த ரம்பத்தால் அறுப்பது வேறு வகை ஆபத்து. அந்தத் தூசியின் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஆஸ்பெஸ்டாஸை மட்டுமல்ல, மரத்தூளையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவற்றின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது இதற்குப் போதாது. மரத்தூளுக்கு என்95 ரக முகக்கவசம் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அறுக்கவே கூடாது, நட்டைக் கழற்றி முழுதாக இறக்க வேண்டும்.

தோட்டத்துக்குப் போனால் பாடம் மாறுகிறது. கிளையின் எடை எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பார்க்காமல் அறுத்தால், அறுத்த வாய் மூடிப் பிளேடைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். முதலில் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுத்து, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையை உரிக்காமல் விழும். மிஞ்சிய கட்டையைக் கடைசியில் கழுத்தோடு எடுத்துவிடலாம். ஏணியில் நின்றபடி ஒரு கையால் கிளையையும் மறுகையால் ரம்பத்தையும் பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான பழக்கம். 2018-இல் கஜா புயல் சாய்த்த மரங்களைப் போல வளைந்து முறுகிக் கிடக்கும் மரத்தை அறுக்கும்போது, அடங்கியிருக்கும் விசை ஒரு நொடியில் விடுபட்டு அறுக்கிறவரையே அடிக்கும். மின்கம்பி உரசிக் கிடக்கும் மரத்தை, மின்வாரியம் மின்சாரத்தைத் துண்டித்ததாக உறுதி சொல்லும் வரை தொடவே கூடாது. எலுமிச்சைக்கு இன்னும் ஒரு பாடம் உண்டு. சொறி நோய் கண்ட மரத்தை அறுத்த பிளேடோடு அடுத்த மரத்துக்குப் போனால் நோயும் கூடவே போகும். ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் பிளேடை ஸ்பிரிட்டால் துடைத்து, வெட்டுவாயில் போர்டோ பசை பூசுவது புவிசார் குறியீடு பெற்ற புளியங்குடி எலுமிச்சையைக் காக்கும் வேலையும்கூட. சீமைக்கருவேலத்தை அகற்றும் பணி, தமிழக அரசு 2022-இல் அந்நியக் களைத் தாவரங்களுக்கெனக் கொள்கை வெளியிட்டிருப்பதால் இன்னும் பெருகும். அந்த முள்ளுக்குள் குனிந்து ரம்பம் பிடிக்கப் போகும் கைகளுக்கு இப்போதே பயிற்சி தேவை.

கண்ணுக்குத் தெரியும் காயத்தைவிட யோசிக்க வைப்பது அதிர்வு. இந்த ரம்பங்களின் கையேடுகளில் அதிர்வின் அளவு வினாடி வர்க்கத்துக்கு 10 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு மேலும் குறிக்கப்படுகிறது. எட்டு மணி நேர வேலைநாளுக்குச் சராசரியாக 2.5 அளவைத் தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 அளவைத் தாண்டவே கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை. அந்தக் கணக்கில், 20 அளவுள்ள ரம்பத்தைச் சுவிட்ச் அழுத்திய நிலையில் அரை மணி நேரம் பிடித்தால் அன்றைய உச்சவரம்பு முடிந்துவிடுகிறது. எச்சரிக்கை வரம்பு ஏழரை நிமிடத்திலேயே கடந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி வேலை செய்தவர்களின் விரல்களில் நரம்பும் ரத்தக் குழாயும் கெட்டுப்போகின்றன. குளிர் நாடுகளில் விரல் வெளுத்துப்போவதால் நோய் சீக்கிரம் கண்ணில் படும். நம் வெயிலில் மரத்துப்போவதும் ஊசி குத்துவதும் பிடி தளர்வதும்தான் அறிகுறிகள் என்பதால் ‘வயசாச்சு, கை நடுங்குது’ என்று சொல்லி விட்டுவிடுவார்கள். மழுங்கிய பிளேடு அதிர்வையும் கூட்டும், அறுக்கும் நேரத்தையும் கூட்டும். பிளேடில் மிச்சம் பிடிக்கும் காசுக்குத் தொழிலாளியின் விரல் வட்டி கட்டுகிறது. காண்ட்ராக்ட் கூலிக்கு அவசர அவசரமாக அறுக்க வைக்கும் முறை இதை இன்னும் மோசமாக்குகிறது. ரம்பத்தை ஆள் மாற்றிப் பிடிப்பதும் இடையிடையே கையை ஆற்றுவதும் வேலைத்திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

பராமரிப்பு என்றால் முதலில் பேட்டரிதான். ஐந்து செல்களைத் தொடராக இணைத்த பேட்டரியின் இயல்பான அளவு 18 வோல்ட்; முழுதாகச் சார்ஜ் ஏறியதும் 21 வோல்ட் காட்டும். ஆகவே 18, 20, 21 என்று மூன்று பெட்டிகளில் மூன்று எண்கள் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஐந்து செல் அமைப்பாக இருக்கலாம். மலிவுக் கருவிகளில் 48, 88 என்று ஒட்டியிருக்கும் எண்களை நம்பி, அதற்கேற்ற வேறு சார்ஜரைத் தேடி மாட்டுவது தீயை அழைப்பதாகும். கருவியோடு வந்த சார்ஜர் தவிர வேறெதையும் மாட்டக் கூடாது. கையடக்கச் சாதனங்களுக்கான இத்தகைய பேட்டரிகளுக்கு நம் நாட்டில் ஐஎஸ் 16046 தரமும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவும் கட்டாயம். ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண் பேட்டரியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க ஒரு நிமிடம் போதும். 40 பாகையைத் தாண்டிய சூட்டில் சார்ஜ் போடக் கூடாது என்பது பல தயாரிப்பாளர்களின் எச்சரிக்கை. கோடையில் தகரக் கூரைக்குக் கீழேயும் வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள்ளேயும் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டிவிடும். வேலை முடிந்து சுடும் பேட்டரியை ஆறவிட்டுத்தான் சார்ஜரில் மாட்ட வேண்டும். எல்லோரும் தூங்கும் நேரத்தில் படுக்கைக்குப் பக்கத்தில் சார்ஜ் போடக் கூடாது. நாள்கணக்கில் வேலை இல்லையென்றால் பாதிச் சார்ஜோடு நிழலில் எடுத்து வைக்கலாம். உப்பிய பேட்டரி, கீழே விழுந்து விரிசல் விட்ட பேட்டரி, நனைந்த பேட்டரி ஆகியவை மறுபடி உதவாது. பிரித்து லோக்கல் செல் மாற்றித் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். பயன்படுத்தி முடித்த பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர் மேல்தான் சுமத்தியிருக்கின்றன. விற்ற கடை அதை வாங்கிச் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்த விதி சங்கரன்கோவில் வரை வந்ததாகப் பொருள்.

இத்தனையும் ஒரு தாளில் தமிழில் அடங்கும். அரை மணி நேரத்தில் செய்து காட்ட முடியும். பிறகு ஏன் நடக்கவில்லை? சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல முடியாது. சரியாகப் பயன்படுத்துவதற்கான போதிய அறிவுரையும் எச்சரிக்கையும் தராத பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு. சொந்தப் பிழைப்புக்காகக் கருவி வாங்கும் ஆசாரியும் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்ட தாளைப் ‘போதிய’ அறிவுரை என்று எப்படி ஏற்பது? அதே சட்டத்தின் 87-ஆவது பிரிவு, பணியிடத்துக்காகக் கருவி வாங்கிய முதலாளியிடம் எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டால் தயாரிப்பாளரை விடுவித்துவிடுகிறது. முதலாளி அதைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிட்டால், இடையில் அகப்பட்டுக்கொள்பவர் கூலிக்கு ரம்பம் பிடிக்கும் ஆள். பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதே என்று கேட்கலாம். அது பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கானது. மின்சாரத்தில் இயங்கும் தொழிற்சாலை என்று கணக்கில் வர முன்பு பத்துப் பேர் போதும். இப்போது இருபது பேர் வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து வீடு பிரிக்கும் வேலையோ, மூன்று பேர் கருவேலம் வெட்டும் வேலையோ இதில் அடங்காது. பேட்டரி ரம்பம் அதிகம் புழங்குவதோ இப்படிப்பட்ட சிறு வேலைகளில்தான்.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, அனுபவசாலிக்குப் பயிற்சி எதற்கு என்பது. கைரம்பத்தில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர் மரத்தின் ஓட்டத்தை நன்றாக அறிவார். அந்த அறிவை மதிக்க வேண்டும். ஆனால், கைரம்பம் தடுக்கினால் கை நின்றுவிடும். பேட்டரி ரம்பம் தடுக்கினால் மோட்டார் நிற்காது. பழைய அனுபவம் சில இடங்களில் தவறான துணிச்சலைக்கூடத் தரும். இரண்டாவது மறுப்பு, ஆங்கிள் கிரைண்டரையும் பெட்ரோல் செயின்சாவையும் விட இது பாதுகாப்பானது என்பது. இது உண்மை. சுழலும் சக்கரம் வெடித்துப் பறப்பதும், சங்கிலி முகத்துக்கு எகிறுவதும் இதில் இல்லை. அதனால்தான் அனுபவமில்லாதவர்களும் வீட்டுக்காரர்களும் இதைத் தயங்காமல் கையில் எடுக்கிறார்கள். ஆபத்து குறைந்த கருவி, தயாரிப்பில்லாத கைகளுக்கு அதிகம் போகும்போது மொத்தத் தீங்கு குறைந்துவிடாது. மூன்றாவது மறுப்பு செலவு, இது கனமானது. தினக்கூலியில் கண்ணாடிக்கும் கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் காதடைப்புக்கும் எங்கே போவது? நான் சொல்வதும் இதைத்தான்: அந்தச் செலவைத் தொழிலாளி ஏற்கக் கூடாது. ஆயிரக்கணக்கில் விலை போகும் ரம்பத்தோடு சில நூறு ரூபாய்ச் சாமான்களைச் சேர்த்து விற்பதால் விற்பனை படுத்துவிடாது. ஒரு கண்ணோ விரலோ போனால் அந்தக் குடும்பம் இழக்கும் வருமானத்தை எந்த நிவாரணத் தொகையாலும் ஈடுகட்ட முடியாது.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியது. தச்சு வேலை உள்பட 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் தருகிறது. அந்தக் கடனில் மின்ரம்பம் வாங்குகிறவருக்குப் பாதுகாப்புச் சாமானும் அரை நாள் செயல்முறைப் பயிற்சியும் கட்டாயம் என்று ஓர் அரசாணை போட்டால் போதும். சங்கரன்கோவில் அடங்கிய தென்காசி மாவட்டத்தின் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பயிற்சிக்குக் கதவைத் திறக்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இயங்குகிறது. உறுப்பினர் அட்டை புதுப்பிக்க வருகிறவர்களிடம் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள கண்ணாடியும் தமிழ்க் குறிப்புத் தாளும் கொடுத்து அனுப்ப வாரியத்தால் முடியும். கடைக்காரர்கள் ரம்பத்தைப் பெட்டியோடு எடுத்துத் தராமல், ஒரு மரத்துண்டை வைத்து அறுத்துக் காட்டித் தரட்டும். வாடகைக்கு விடுகிறவர்கள் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ரம்பத்தை வெளியே அனுப்பாமல் இருக்கட்டும். மரவேலையும் இடிப்பு வேலையும் கொடுக்கும் வீட்டுக்காரர்களும் கொத்தனாரிடமும் ஆசாரியிடமும் கூலியைப் பேரம் பேசும்போது பாதுகாப்புச் சாமானுக்கு ஒரு தொகையைச் சேர்த்துப் பேசட்டும்.

இந்த வாரம் யாராவது பேட்டரி ரம்பம் வாங்கினால், பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் மூன்றைக் கேளுங்கள்: தமிழில் குறிப்பு எங்கே, பேட்டரியில் பிஐஎஸ் பதிவு எண் எங்கே, கண்ணாடியும் கையுறையும் எங்கே? வாங்குகிறவர்கள் தொடர்ந்து கேட்டால் விற்கிறவர்கள் கொடுக்கத் தொடங்குவார்கள். கொடுக்காத கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வருவதே நல்லது.